அந்தக் கடிதம் லண்டனுக்குப் போகவேயில்லை

கோவத்தில எழுதிறன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்து வாசியுங்கோ.

போன சனிக்கிழமை பலெர்மோவின்ர பல்லாரோச் சந்தையில நிக்கிறன். (நான் இருக்கிறது கபோவில. எங்கட பக்கத்துச் சந்தையும் நல்ல சந்தைதான், மீனுக்கு நான் வேற இடம் போகமாட்டன். ஆனா பாவக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை எண்டு தேவைப்பட்டா பல்லாரோப் பக்கம் நடக்கத்தான் வேணும். எங்கட ஆக்களின்ர கடையள் அங்கதான் கனக்க.) பக்கத்தில ஒரு சுற்றுலாக் கூட்டம். முன்னுக்கு நிண்ட வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, உலகத்தையே ஏமாத்தின கலியோஸ்த்ரோ பிறந்த இடம் இந்தச் சுற்றாடல்தான், அவன்ர தாயும் லேசுப்பட்ட ஆள் இல்லை, வழியில வந்த ஜெர்மன்காரர் ஒருத்தரைப் பிடிச்சுக் காசு கேட்டுக் கடிதம் குடுத்துவிட்டவ எண்டு சொல்ல, கூட்டம் சிரிச்சுது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அந்தக் கடிதத்தை நான் வாசிச்சிருக்கிறன். சிரிக்கிறதுக்கு அதில ஒரு வரியும் இல்லை. இஞ்ச பலெர்மோவில இருக்கிற எங்கட சனத்தில அரைவாசிப் பேர், ஊரில இருந்து அப்பிடி ஒரு கடிதம் வாங்கினவை, இல்லாட்டி அப்பிடி ஒரு கடிதம் எழுதின தாயின்ர பிள்ளையள். அதால இந்தக் கதையை முழுசாச் சொல்லவேணும் எண்டு இருக்கு.

முதல்ல அந்த ஜெர்மன்காரர்.

அவர்தான் கோதே. கவிஞர் எண்டுதான் எங்களுக்குத் தெரியும். ஆனா பலெர்மோவுக்கு வரேக்க அவர் ஒரு அரசாங்க ஆள். வைமார் எண்டு ஒரு சின்ன அரசு, கார்ல் ஔகுஸ்ட் எண்டு ஒரு இளம் பிரபு அதை ஆண்டவர். கோதே அவரின்ர ஆலோசனைச் சபையில இருந்தவர். றோட்டு, சுரங்கம், படை, கடைசியில கசானா எண்டு எல்லாம் அவரின்ர தலையில. 1782-ல பிரபுப் பட்டமும் கிடைச்சது. பத்து வருசம் கோப்புகளோட கிடந்து களைச்சுப்போன மனுசன், 1786 செப்டம்பர் 3-ந் திகதி விடியப்புறம் மூண்டு மணிக்கு, கார்ல்ஸ்பாட் எண்ட ஊரில இருந்து ஒருத்தருக்கும் சொல்லாமல் வண்டி ஏறிட்டார். பேரையும் மாத்திப்போட்டார். மோல்லர் எண்டு ஒரு ஓவியராம்.

(அவர் இல்லாத காலம் முழுக்க அந்தப் பிரபு சம்பளத்தை நிப்பாட்டேல்லை. நாங்கள் ரெண்டு நாள் லீவு கேட்டாலே முகத்தைச் சுழிக்கிற வீடுகளில வேலை செய்யிறனாங்கள். இதை வாசிக்கேக்க ஒரு பெருமூச்சு வரத்தான் செய்யும்.)

போனவர் சும்மா இருக்கேல்லை. எழுதித் தள்ளினவர். சார்லோட்டே ஃபொன் ஸ்டைன் எண்ட அம்மாவுக்கு, அவவின்ர மகன் ஃப்ரிட்ஸுக்கு (கோதேயின்ர வீட்டில கொஞ்சக் காலம் வளர்ந்த பொடியன்), நண்பர் ஹெர்டருக்கு, பிரபுவுக்கு. ஃப்ராங்க்ஃபுர்ட்டில தனிய இருந்த தன்ர தாய்க்கு, ரோமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நவம்பரிலதான் கடிதம் போட்டவர். அதுவரைக்கும் மகன் எங்க எண்டு தாய்க்குத் தெரியாது. இந்தத் தாய் விசயத்தை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

1787 மார்ச் 29 நாபோலியில கப்பல் ஏறி, கடல் ஒத்துக்கொள்ளாமல் படுத்த படுக்கையா வந்து, ஏப்ரல் 2-ந் திகதி பலெர்மோவில இறங்கினார். கூட க்னீப் எண்டு படம் கீறுற ஒருத்தர். ஏப்ரல் 18 மட்டும் இஞ்சதான்.

அவர் பலெர்மோவைப் பற்றி எழுதினதெல்லாம் இஞ்ச எல்லாருக்கும் மனப்பாடம். மொந்தே பெல்லெக்ரீனோ மலையைப் பாத்து, உலகத்திலயே இதைப்போல வடிவான மலைமுனை இல்லையெண்டு எழுதினவர். எங்கட ஆக்கள் ஞாயிறு விடிய வெறுங்காலோட ஏறுற அதே மலை! அங்க இந்த ஊரின்ர காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின்ர குகைக்குள்ள போய், அந்தப் புனிதையின்ர சிலைக்கு முன்னால கன நேரம் இருந்து, பிறகு அதைப் பற்றித் தனியா ஒரு கட்டுரையும் எழுதினவர். சைவச் சனமும் வேதச் சனமும் ஒண்டா நிண்டு கும்பிடுற இடத்தில 1787-ல ஒரு ஜெர்மன் மந்திரியும் குந்தியிருந்தவர் எண்டு நினைக்க எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கு. பிறகு வில்லா ஜூலியாப் பூங்காவில செடியளைப் பாத்து, எல்லாச் செடிக்கும் மூலமான ஒரு ஆதிச் செடி இருக்கவேணும் எண்டு யோசிச்சது. ஈஸ்டர் அண்டைக்கு வைஸ்ராயின்ர மாளிகையில சாப்பாடு.

றோட்டுக் குப்பைக் கதை ஒண்டும் இருக்கு. கடைக்காரர் ஒருத்தரிட்ட, ஏன் உங்கட ஊர் இவ்வளவு ஊத்தையாக் கிடக்கு எண்டு கேட்டிருக்கிறார். அந்தாள் நீட்டி முழக்கிச் சொன்ன விளக்கத்தை வாசிச்சால், நேற்று எங்கட ஒழுங்கையில முதலாம் மாடிச் சின்யோரா சொன்ன மாதிரியே இருக்கும்.

எல்லாம் சரி. ஆனா இந்த நாலு கதையையும் விட்டுப்போட்டு ஐந்தாவதுக்கு வாறன். என்ர மனசில நிக்கிறது அதுதான்.

அந்த நேரம் ஐரோப்பா முழுக்க ஒரே கதை கலியோஸ்த்ரோ. தன்னை ஒரு பிரபு எண்டான், செத்தவரோட கதைப்பன் எண்டான், தங்கம் செய்வன் எண்டான். 1785-ல பிரெஞ்சு அரசியின்ர பேரைக் கெடுத்த அந்த வைர மாலை வழக்கில மாட்டி பாஸ்தீய் சிறையில கிடந்தவன். 1786-ல குற்றம் இல்லையெண்டு விட்டு, நாட்டை விட்டும் கலைச்சாச்சு. ஆள் லண்டனுக்குப் போயிட்டான்.

இவன் ஆர்? எங்கத்தையான்?

பலெர்மோவில இருந்த ஒரு வழக்கறிஞர், பிரான்ஸில இருந்து வந்த வேண்டுகோளுக்காகக் கோவில் பதிவு, பழைய உறுதி எல்லாம் தேடிக் குடும்ப மரம் ஒண்டு போட்டு வைச்சிருந்தார். கலியோஸ்த்ரோ எண்ட பிரபு வேற ஆருமில்லை, 1743-ல பலெர்மோவில பிறந்த ஜூசெப்பே பால்சாமோ. தகப்பன் பியெத்ரோ பால்சாமோ செத்துப்போனார். தாய் ஃபெலீச்சா உயிரோட இருக்கிறா. புருசனை இழந்த தங்கச்சியும் இருக்கிறா. இதே ஊரில, கசாரோத் தெருவுக்குக் கிட்ட ஒரு சின்ன ஒழுங்கை மூலையில.

கோதேக்கு ஆசை வந்திட்டுது. அந்தச் சனத்தைப் பாக்கவேணும்.

என்னண்டு போறது? வழக்கறிஞரின்ர எழுத்தர் ஒருத்தர் வழி சொன்னார். உங்களை ஒரு ஆங்கிலேயர் எண்டு சொல்லுறன், லண்டனில மகனைக் கண்டு அவரின்ர சேதி கொண்டு வாறீங்கள் எண்டு சொல்லுறன். கோதேயும் ஓம் எண்டார். பேர் வில்டன்.

இந்த இடத்தில எனக்குக் கோதேயில சரியான கோவம். இப்பவும் இருக்கு. மகனை வருசக்கணக்காக் காணாத தாயிட்ட, விடுப்புப் பாக்கிறதுக்காக, உன்ர மகனைக் கண்டனான் எண்டு சொல்லிக்கொண்டு போகலாமோ? எங்கட ஊரில காணாமல் போன பிள்ளையின்ர தாய்மாரிட்ட, அந்த முகாமில கண்டம், இந்த இடத்தில கண்டம் எண்டு பொய் சொல்லிக்கொண்டு எத்தினை பேர் வந்தவை! அந்தத் தாய்மாரின்ர முகம் தெரிஞ்ச எனக்கு, இந்தக் கட்டத்தை அமைதியா வாசிக்கேலாது.

ஆனா உள்ள போன பிறகு அவர் எழுதியிருக்கிறாரே, அது வேற.

மோசமான படிக்கட்டு ஏறினா நேரே குசினி. தங்கச்சி கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறா. நடுத்தர உயரம், திடமான உடம்பு. ஆக்களைக் கண்டோடன ஏப்ரனின்ர ஒரு நுனியைத் தூக்கிச் செருகி ஊத்தைப் பக்கத்தை மறைக்கிறா.

இந்த ஒண்டுக்காகவே கோதேக்குப் பாதிக் கோவத்தை விட்டுக்குடுத்தன். என்ர அம்மாவும் இதைத்தான் செய்வா. படலையில ஆர் எண்டு கேட்டுக்கொண்டே சட்டையின்ர முன்பக்கத்தை ஒருக்காத் தட்டி, ஈரக் கையைப் பின்னால துடைச்சு. ஒரு மந்திரி இதைக் கவனிச்சு, மறக்காமல் எழுதியிருக்கிறாரே!

உள்ள ஒரு பெரிய அறை. வீடு எண்டு பாத்தா கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரேயொரு யன்னல். சுவரெல்லாம் கறுத்துப்போன புனிதர்களின்ர படங்கள், சட்டம் மட்டும் தங்க நிறம். மறைப்புச் சீலை இல்லாத ரெண்டு கட்டில். ஒரு காலத்தில பொன் முலாம் பூசியிருந்த பழைய கதிரையள். செங்கல் நிலம் இடையிடை தேய்ஞ்சு பள்ளம். ஆனா எல்லாம் துப்பரவு. வறுமை இருக்கு, ஊத்தை இல்லை.

தாய்க்குக் காது கேளாது. எழுத்தர் வந்த விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சத்தம் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது. அந்த நேரத்திலதான் கோதே அறையைச் சுத்திவரப் பாத்தவர். மற்றப் பக்கம் வருத்தக்காரி ஒருத்தி படுத்திருக்கிறா. ஆரெண்டு பாத்தா உறவே இல்லை, போக்கிடம் இல்லாத ஆள், பாவம் பாத்து வைச்சுப் பராமரிக்கினம். தங்களுக்கே இல்லாத வீட்டில!

தங்கச்சியின்ர மகளுக்குப் பதினாறு வயசு மட்டில. மகன் பள்ளிக்கூடம் போறவன். மகளின்ர முகத்தில அம்மைத் தழும்பு. இன்னொரு மகள் கன்னியர் மடத்தில.

எல்லாரும் சுத்தி நிண்டு கேள்வி. ஜூசெப்பே எப்பிடி இருக்கிறார், சுகமோ, திரும்பி வருவாரோ. கிழவிக்கு இடையில ஒரு சந்தேகம், வந்தவர் வேதக்காரரோ எண்டு மகளிட்டக் கேக்கிறா. மகள், எங்களில நல்ல மனசோட வந்த ஆளிட்ட எடுத்த உடன உப்பிடிக் கேக்கிறது மரியாதை இல்லை எண்டு தாயை மெல்ல அமத்திவிடுறா. (எந்தச் சமையலறையிலும் இந்தக் கதை நடக்கும். "தம்பி எந்தப் பக்கம், ஆற்றை ஆக்கள்" எண்டு அம்மம்மா தொடங்க, அம்மா "நீங்கள் சும்மா இருங்கோ" எண்டு இடைமறிக்கிறதை நான் எத்தினை தரம் கண்டிருக்கிறன்.)

பிறகு தங்கச்சி தன்ர கதையைச் சொல்லுறா. அண்ணர் பலெர்மோவை விட்டு அவசரமா வெளிக்கிடேக்க, அடைவில கிடந்த அவரின்ர சாமானை மீட்டுக் குடுத்தது இவதான். பதினாலு ஒன்சா (அந்தக் காலத்துச் சிசிலிக் காசு). அதுக்குப் பிறகு ஒரு சதம் வரேல்லை. பெரிய பணக்காரன், மாளிகையில இருக்கிறான் எண்டு ஊரெல்லாம் கதை. நான் கைம்பெண், மூண்டு பிள்ளை, அம்மாவையும் நான்தான் பாக்கிறன். நீங்கள் திரும்பிப் போகேக்க ஒருக்கா அந்தக் கடனை ஞாபகப்படுத்துவியளோ? ஒரு கடிதம் தந்தாக் கொண்டுபோய்க் குடுப்பியளோ?

அண்ணருக்காக அடைவு மீட்ட தங்கச்சி! எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்த வேணுமோ? காப்பு, சங்கிலி, தாலிக்கொடி எண்டு வங்கியில வைச்சுத்தானே எங்களில கனபேர் விமானம் ஏறினவை. மீட்டுக் குடுத்தவை இண்டைக்கும் அங்க இருக்கினம்.

கோதே ஓம் எண்டார். எங்க தங்கியிருக்கிறீங்கள், கொண்டுவந்து தாறம் எண்டு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லேல்லை. நாளைக்கு நானே வாறன் எண்டிட்டார். பொய் வெளிக்கும் எண்ட பயம்.

அடுத்த நாள் போகேக்க தங்கச்சியின்ர மகன் அவரோட தனியக் கதைக்கிறான். அமைதியான, துக்கம் பிடிச்ச பொடியன். மாமா நல்லாத்தான் செலவழிக்கிறாராமே, எங்களை ஏன் மறந்தவர் எண்டு கேட்டுப்போட்டு, இன்னொண்டும் கேக்கிறான். அவர் எங்களைத் தனக்குத் தெரியாது எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாராமே, பெரிய இடத்துப் பிள்ளை எண்டு சொல்லுறாராமே, பிறகு எங்களைப் பற்றி உங்களுக்கு என்னண்டு சொன்னவர்?

கெட்டிக்காரப் பிள்ளை. பொய்யின்ர நுனியை அவன் பிடிச்சிட்டான். கோதே எதையோ சொல்லிச் சமாளிச்சார்.

கடிதம் தயாரா இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதிக் குடுக்கிற ஆள் எழுதினது. எங்கட பாசையில சொன்னா பெட்டிசம் எழுதிறவர். தாய் சொல்லச் சொல்ல எழுதினது எண்டு அதின்ர போக்கிலயே தெரியும்.

என்ன சொல்லுறா தெரியுமோ?

உன்ர சேதி கேட்டு மனம் ஆறிச்சுது எண்டு தொடங்குறா. பிரான்ஸை விட்டு நீ போன பிறகு ஒரு தகவலும் இல்லாமல் இருந்தன். சொந்தக்காரர் எல்லாம் கைவிட்டிட்டினம், தங்கச்சி மட்டும்தான் வைச்சுப் பாக்கிறா, அவளாலயும் முழுக்க ஏலாது. கோவிலுக்குப் போய்க் கடமை செய்யிறதுக்குக் கூட உடுப்பு இல்லை, மேல் போர்வையும் பாவாடையும் கிழிஞ்சு போச்சு.

பிறகு ஒரு அறிவுறுத்தல். காசோ கடிதமோ அனுப்பினால் தபாலில போடாதே, கப்பலில வாற ஆளிட்டக் குடுத்துவிடு. ஏனெண்டால் அவவின்ர சொந்தத் தம்பி மத்தேயோ தபாலில பெரிய ஆள்! அவரின்ர கண்ணில பட்டா என்ன நடக்கும் எண்டு அவ சொல்லேல்லை. சொல்லத் தேவையில்லை.

இதை வாசிச்ச இடத்தில புத்தகத்தை மூடி வைச்சிட்டன்.

சண்டைக் காலத்தில எங்கட அம்மம்மா எழுதுவிச்ச கடிதங்கள் அம்மாவின்ர அலுமாரியில இன்னும் கிடக்கு. அம்மம்மாவுக்கு எழுத வராது, பக்கத்து வீட்டு அக்காதான் கை. நீல வான் கடிதத்தில ஒரு மூலையும் வெறுமையா இருக்காது. கடைசி வசனங்கள் ஒட்டுற மடிப்பில, தலைகீழா. அதிலதான் உண்மையான விசயம் எழுதியிருக்கும். தபாலில போடாதே, கொழும்புக்கு வாற ஆரிட்டையாவது குடுத்துவிடு. இன்னாரின்ர கையில குடுக்காதே, அவையின்ர கண் சரியில்லை. கடிதத்தை வழியில உடைச்சு வாசிப்பாங்கள் எண்ட பயம் ஒரு பக்கம், சொந்தக்காரரின்ர விடுப்பு மற்றப் பக்கம். ஃபெலீச்சாவும் அம்மம்மாவும் ஒரே மேசையில இருந்து எழுதுவிச்ச மாதிரி.

இன்னும் ஒண்டு கேக்கிறா ஃபெலீச்சா. ஒரு நாளைக்கு ஒரு தாரி. அவ்வளவுதான். அதைத் தந்தியெண்டா தங்கச்சிக்குப் பாரம் குறையும், நானும் பட்டினி கிடக்கமாட்டன் எண்டுறா.

கணக்குப் பாருங்கோ. ஒரு ஒன்சாவுக்கு முப்பது தாரி. தங்கச்சிக்கு வரவேண்டிய பதினாலு ஒன்சா 420 தாரி. அதாவது தாய் கேட்ட சில்லறைக் காசில ஒரு வருசமும் ரெண்டு மாசமும் ஓடும். பாரிஸில வைரமும் பட்டுமாத் திரிஞ்ச மகனிட்டத் தாய் கேட்டது இவ்வளவுதான்! அந்த வழிகாட்டி சொன்ன "காசு கேட்டவ" இதுதான்.

கடைசியா ஆசீர்வாதம். மகனுக்கு, மருமகள் லோரென்சாவுக்கு. தங்கச்சியின்ர அணைப்பு, பிள்ளையள் மாமாவின்ர கையை முத்தமிடுகினம். எவ்வளவு பஞ்சத்திலயும் கடிதத்தின்ர முறை தவறேல்லை. இதுதான் எனக்குப் பெருமை.

அண்டைக்குப் பின்னேரம் விடைபெறேக்க, சாந்தா ரொசாலியாத் திருவிழாவுக்கு நிண்டு பாத்திட்டுப் போங்கோ எண்டு வற்புறுத்தியிருக்கினம். அந்த இளம் பிள்ளை திருவிழா எப்பிடி நடக்கும் எண்டு கண்ணை விரிச்சு விரிச்சுச் சொல்லியிருக்கிறா. கிழவி அழுதுகொண்டு, சாகமுதல் ஒருக்கா மகனைக் காணவேணும், நாளும் அவனுக்காகக் கடவுளிட்டயும் மாதாவிட்டயும் மன்றாடுறன் எண்டு சொல்லிவிடச் சொன்னா. அவர் படி இறங்கிப் போக, பிள்ளையள் குசினியோட இருந்த பல்கனியில ஓடிவந்து நிண்டு, திரும்ப வாங்கோ எண்டு கூப்பிட்டுக் கை காட்டினவை. ஒழுங்கை மூலையில திரும்பேக்கயும் நிண்டவை எண்டு எழுதியிருக்கிறார்.

மனுசனுக்கு நெஞ்சு குத்தியிருக்கு. பதினாலு ஒன்சாவையும் தானே குடுத்திட்டு, அண்ணரிட்டப் பிறகு வாங்கிறன் எண்டு சாட்டுச் சொல்லுவம் எண்டு யோசிச்சவர். ஆனா கையில இருந்த காசை எண்ணிப் பாத்தா, சிசிலித் தீவுக்குள்ள குதிரையில போற பயணத்துக்கே காணுமோ எண்ட நிலை. குடுக்கேல்லை. கடிதத்தைப் பொக்கட்டில வைச்சுக்கொண்டு போயிட்டார்.

அந்தக் கடிதம் லண்டனுக்குப் போகேல்லை. மகனின்ர கைக்குப் போகேல்லை. வைமாருக்குப் போச்சு.

இஞ்ச கதை முடிஞ்சிருந்தால் நான் கோதேயை ஒரு நாளும் மன்னிச்சிருக்கமாட்டன்.

ஊருக்குப் போன பிறகு அந்தக் கடிதத்தைத் தெரிஞ்ச ஆக்களுக்குக் காட்டினார். காசு சேர்ந்தது. பலெர்மோவில வியாபாரம் செய்த ஜோஃப் எண்ட ஆங்கிலேயர் மூலமா அனுப்பினவை. தபாலில இல்லை, கவனியுங்கோ! அந்த ஆங்கிலேயருக்கு வீட்டைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடு. பால்சாமோ எண்டு விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியாது, தங்கச்சியைப் புருசனின்ர பேரில கபிதும்மீனோ எண்டுதான் ஊருக்குத் தெரியும். அலைஞ்சு திரிஞ்சு 1788-ன் கடைசியில கையில குடுத்தார்.

நத்தார் நேரம் வீட்டில இருந்து ஒரு நன்றிக் கடிதம் போச்சு.

ஆருக்கு? கோதேக்கு இல்லை. அன்பான மகனுக்கும் விசுவாசமான அண்ணருக்கும்! ஜூசெப்பே எங்களை மறக்கேல்லை, காசு அனுப்பியிருக்கிறான் எண்டு அந்த வீடு நம்பியிட்டுது. அந்தச் சந்தோசத்தை எழுத்தில சொல்லேலாது எண்டு எழுதியிருக்கினம். அந்தக் கடிதமும் வந்து சேர்ந்தது கோதேயிட்டத்தான்.

இதைப் பற்றி எனக்கும் என்ர மனுசிக்கும் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் பெரிய விவாதம். அவ சொல்லுறா, உண்மையைச் சொல்லியிருக்கவேணும், செய்யாத மகனுக்கு அந்த நன்றி போகக் கூடாது எண்டு. நான் இல்லையெண்டுறன். முதல் பொய் கோதே தனக்காகச் சொன்னது, தன்ர விடுப்புக்காக. ரெண்டாவதில அவருக்கு ஒரு லாபமும் இல்லை. பேர் இல்லை, நன்றி இல்லை. தாய்க்கு உடுப்பும் வந்தது, மகன் நினைச்சான் எண்ட நிம்மதியும் வந்தது. சாகிற வயசில இருக்கிற ஒரு தாயிட்ட, காசு அவன்ர இல்லை எண்டு சொல்லி ஆருக்கு என்ன கிடைக்கப்போகுது? ஊரில எத்தினை வீட்டில, குடிச்சுச் சீரழிஞ்ச மகனின்ர பேரில தம்பியோ நண்பனோ மாசாமாசம் காசு அனுப்பிக்கொண்டு இருக்கிறான். எனக்குத் தெரிஞ்சே ரெண்டு மூண்டு பேர் இஞ்ச பலெர்மோவில இருக்கினம். அவையைப் பொய்யர் எண்டு நான் சொல்லமாட்டன். (மனுசி இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. வாசிக்கிற நீங்கள் ஆற்றை பக்கம் எண்டு எழுதுங்கோ.)

அந்த மகனுக்கு என்ன நடந்தது எண்டு கேப்பியள். 1789 டிசம்பரில ரோமில பிடிபட்டான். முதல்ல மரண தண்டனை, பிறகு அது ஆயுள் சிறையாச்சு. சான் லேயோக் கோட்டையில 1795 ஓகஸ்டில செத்தான். அவனைப் பற்றி எவ்வளவோ நாடகம், நாவல். கோதேயே ஒரு நாடகம் எழுதினவர். நான் இதுக்கு மேல அவனுக்கு இடம் குடுக்க விரும்பேல்லை.

கோதே இந்தக் குடும்பத்தின்ர கதையை 1792-ல அச்சில போட்டவர், பிறகு இத்தாலிப் பயணப் புத்தகத்தின்ர பலெர்மோப் பகுதியிலயும் சேர்த்தவர். ஒரு ஏழைத் தாயின்ர வீட்டு விசயத்தை ஊருக்குக் காட்டினது சரியோ எண்டு முதல்ல எனக்கும் யோசினை. ஆனா அவர் போடாட்டி ஃபெலீச்சா எண்டு ஒரு மனுசி இருந்தவ எண்டே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மற்றது, அந்தப் புத்தகத்தில வாற ராசாக்கள், பிரபுக்கள், விருந்துகள் எல்லாத்தையும் விட இந்த அறையைத்தான் அவர் நிண்டு நிதானிச்சு எழுதியிருக்கிறார். வைஸ்ராயின்ர சாப்பாட்டு மேசையில என்ன இருந்தது எண்டு எனக்கு ஞாபகமில்லை. தேய்ஞ்ச செங்கல் நிலம் ஞாபகம் இருக்கு. இத்தாலிய மொழிபெயர்ப்பு நூலகங்களில கிடைக்கும், பிள்ளையளுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. எங்கட பிள்ளையளுக்கு இது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்காது, வீட்டுக் கதையாத்தான் இருக்கும்.

இப்ப நான் என்ன செய்யப்போறன் எண்டு சொல்லுறன். கபோவுக்குக் கிட்ட, நீதிமன்றப் பக்கம், கோதேயின்ர பேரில ஒரு தெரு இருக்கு. பல்லாரோச் சந்தை இருக்கிற அல்பெர்கேரியாவில கலியோஸ்த்ரோவின்ர பேரில ஒரு சந்து இருக்கு. ஏமாத்தினவனுக்கும் சந்து, எழுதினவருக்கும் தெரு. ஃபெலீச்சாவுக்கும், அடைவு மீட்டுக் குடுத்துத் தாயையும் வருத்தக்காரியையும் பாத்த அந்தத் தங்கச்சி ஜூசெப்பா மரியாவுக்கும் நான் தேடின அளவில ஒரு பலகையும் கண்ணில படேல்லை. நகரசபைக்கு ஒரு பெட்டிசம் போடப்போறன். பெரிசா ஒண்டும் வேண்டாம், கசாரோவுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை மூலையில அந்த ரெண்டு பேரும் இருந்தவை எண்டு ஒரு சின்னக் கல்லு காணும். என்ர இத்தாலியன் சந்தைக்குப் போதும், நகரசபைக்குக் காணாது. நல்ல முறையா எழுதத் தெரிஞ்ச பிள்ளையள் ஆரும் இருந்தா உடன சொல்லுங்கோ, ஞாயிறு மலைக்குப் போய் வந்த பிறகு ஒண்டா இருந்து எழுதுவம். தேத்தண்ணி என்ர பொறுப்பு.